பாராட்டு தீர்ந்த பிறகு பேசுகிறவர்

பகலில் அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கியவர் கிடையாது. ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்களை வண்டி ஓட்டச் சொல்லிப் பார்க்கிற பரிசோதகர் அவர். பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருப்பார். பார்த்தால் அரைத்தூக்கத்தில் இருக்கிற ஆள் மாதிரி தெரியும். ஆனால் பின்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பது தலையைத் திருப்பாமலே அவருக்குத் தெரிந்துவிடும். வண்டி நின்றதும், "கண்ணாடி பார்க்கல. மறுபடி வாங்க" என்பார். அழுதாலும் மறுபடி வாங்க. சிரித்தாலும் மறுபடி வாங்க. பெரிய இடத்து மாப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டு வந்தவனுக்கும் அதே மரியாதைதான். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே "மறுபடி." இன்றைக்கு மறுபடி டூட்டியா என்று வாசலிலேயே விசாரித்து, ஆமாம் என்றால் வயிற்றுவலி வந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளே மாறிப்போவார். முகத்தைப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்கிற வீட்டார் போலக் குழைவு. தெருக்கோடியில் ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் மாடியில் ரப்பர் வாசனை அடிக்கிற நீளமான ஓர் அறை. அங்கேதான் அந்தச் சங்கம் கூடும். மேலே குமிழ் குமிழாக வைத்து, ஒன்றோடொன்று செருகிக் கோக்கிற பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றனவே, சின்னப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுமே, அதை வைத்துக்கொண்டு விளையாடுகிற பெரியவர்களின் சங்கம். விளையாட்டு என்று அவர்கள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். "படைப்பு" என்றுதான் சொல்ல வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அப்படியே கட்டுகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. சொந்தமாக யோசித்து, சொந்தமாகக் கட்டி, துணியைப் போட்டு மூடி, மாப்பிள்ளையை அழைத்து வருகிற மாதிரி பத்திரமாக மாடியேற்றிக் கொண்டு வர வேண்டும்.

அந்தச் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாருடைய படைப்பையும் குறை சொல்லக் கூடாது. முன்பு ஒரு தரம் யாரோ ஒருவர், இன்னொருவர் கட்டிய கப்பலைப் பார்த்து, "செருப்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். கப்பல் கட்டியவர் கோபித்துக்கொண்டு போனார். கூடவே அறையின் மின்விசிறியும் போனது, அது அவர் வாங்கிப் போட்டது. அந்தக் கோடையில் வெந்து போன தலைவர், பர்னிச்சர் கடை முதலாளி, இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தார். துணியை எடுத்ததும் எல்லாரும் வரிசையாக ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அதில் ஒரு கொக்கி உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். முதல் ஆள் நிறம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். அடுத்தவர் அளவு என்பார். அதற்கடுத்தவர் பொறுமை என்பார். பாதி வரிசை தாண்டுவதற்குள் சரக்கு தீர்ந்துவிடும். கறிக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். ஆள் மலை மாதிரி. பூந்தோட்டம் தவிர வேறெதுவும் கட்டமாட்டார். அவருடைய ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தால் அவருடைய கடைப் பலகைதான் ஞாபகம் வரும், அத்தனை சிவப்பு. ஒரு முறை பாராட்டு வற்றிப்போய், ஒருவர் அதைக் கொண்டு வந்த அட்டைப்பெட்டி நல்ல கெட்டி என்றார். அடுத்தவர், வழியில் கீழே போடாமல் எடுத்து வந்தது பெரிய விஷயம் என்றார். அந்த மாதிரி நேரத்தில்தான் நம் பரிசோதகர் வேண்டும். அவருடைய இடம் கடைசி நாற்காலி. எல்லாருக்கும் பாராட்டு தீர்ந்த பிறகு பேசுகிறவர் அவர்.

எழுந்து நிற்பார். மேசையை ஒரு சுற்று சுற்றுவார். தாடையைத் தடவுவார். "இதுல ஒரு தைரியம் இருக்கு" என்பார். அவ்வளவுதான், கறிக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இன்னொருவருக்கு "இதுல ஒரு மூச்சு இருக்கு." மற்றொருவருக்கு "இதுல ஒரு நேர்மை இருக்கு." தைரியமும் மூச்சும் நேர்மையும் அளவெடுக்காமல் தைத்த சட்டைகள், யாருக்கும் மாட்டலாம். வீடு திரும்பியவர்கள் அந்த ஒரு சொல்லை நினைத்து நினைத்து அடுத்த மாதம் முழுக்கக் கட்டுவார்கள். சங்கத்தில் இரண்டு சம்பந்திகள் இருந்தார்கள். பெண்ணைக் கொடுத்தவர் ரயில் கட்டுவார், பிள்ளையைப் பெற்றவர் ரயில் நிலையம் கட்டுவார், அந்த ரயில் அந்த நிலையத்துக்குள் நுழையாது. வெளியே முகம் கொடுத்துப் பேசாத அந்த இருவரும் பரிசோதகரைப் பற்றி மட்டும் ஒரே குரலில் சொல்வார்கள், ரசனை என்றால் அவருக்குத்தான் என்று.

உள்ளதைச் சொல்வதானால், அந்த ரசனைக்காரர் மேசையில் இருந்த எதையும் பார்த்ததே இல்லை. சுற்றி வரும்போது அவர் கண் கட்டியவரின் முகத்தில்தான் இருக்கும். எந்தச் சொல்லுக்கு இந்த முகம் இளகும் என்று பார்ப்பார், அதை எடுத்து நீட்டுவார். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிறர் கட்டியதன் மேல் அவருக்கு ஒரு துளி அக்கறையும் கிடையாது. அவருடைய அக்கறையெல்லாம் வீட்டில், சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தது.

அது ஒரு கோட்டை. இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்த கதையே வேடிக்கையானது. அக்கா மகனின் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி கட்டை வாங்கினார். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்கப் பிரித்தார், தொழில் புத்தி. பிரித்த பெட்டி பிள்ளையிடம் போகவே இல்லை. அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அன்று தொடங்கியது, ஒரு மூலை கோபுரமாகி, கோபுரம் மதிலாகி, மதில் மேசையின் நாலு ஓரத்தையும் பிடித்துக்கொண்டது. கணவனும் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்து வருஷங்கள் ஆகிவிட்டன. மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. நாளெல்லாம் முத்திரை குத்துகிற கை, வாயும் அப்படித்தான். "உங்க ராஜா எப்பங்க காலி பண்ணுவாரு? நான் மேசையில சோறு தின்னு செத்துப் போகணும்னு ஒரு ஆசை" என்பாள்.

"கொஞ்சம் பொறு. அது முடிஞ்சா நடு மேசைக்குப் போயிடும்" என்பார் இவர்.

நடு மேசை என்பதுதான் இந்த மனிதரின் வாழ்நாள் கனவு. வருஷத்துக்கு ஒரு தடவை நகர மண்டபத்தில் சங்கம் கண்காட்சி வைக்கும். மண்டபத்தின் நடுவில், பெரிய விளக்கின் கீழே ஒரே ஒரு மேசை. அதில் எது இருக்க வேண்டும் என்பதைச் சங்கம் முந்திய மாதம் கை தூக்கி முடிவு செய்யும். இத்தனை வருஷமாக அவர் எதையும் கொண்டு போய்க் காட்டியதில்லை. மற்றவர்களுக்கு வாரி வாரிக் கொடுத்தார். கொடுத்ததெல்லாம் ஒரு நாள் மொத்தமாகத் திரும்பி வரும், அந்த நாளில் கோட்டைமேலிருந்து துணியை எடுப்போம், எல்லாரும் வாய் பிளப்பார்கள் என்று காத்திருந்தார். அலுவலகத்தில் கோணலாக ரிவர்ஸ் எடுக்கிற வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவருக்கு அந்த வாய் பிளந்த முகங்கள்தான் தெரியும்.

கோட்டை முடிகிற தறுவாயில் சங்கத்துக்கு ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தார். குள்ளமான பெண்மணி. எதிரில் இருக்கிறவர் வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பார் என்ற பழக்கத்தில் பேசுகிறவர், கேள்வியும் அவரே, பதிலும் அவரே. "மாடி ஏறணுமா? ஏறத்தான் வேணும். ஃபேன் இல்லையா? இல்லை, சரி" என்று பேசிக்கொண்டே வந்து, தன் முறை வரும்வரை மற்றவர்களுடையதைப் பார்த்திருந்துவிட்டு, துணிகூடப் போடாமல் ஒரு தட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

ஓர் அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டு. அவ்வளவுதான். கோபுரம் இல்லை, கொடி இல்லை. படி திரும்புகிற இடத்தில் ஒரு பீரோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே ஒருவன் முதுகைக் கொடுத்துத் தாங்குகிறான், முழங்கால் மடங்கியிருக்கிறது. மேலே ஒருவன் இழுக்கிறான். பக்கத்தில் ஒருவர் எதையும் தொடாமல், கையை மட்டும் நீட்டி வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். கதவை ஒரு விரற்கடை திறந்து ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். மேல்படியில் ஒருவன், இது இப்போதைக்கு நகராது என்று தெரிந்துகொண்டு, சாவகாசமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். பீரோவின் கதவு லேசாகத் திறந்து, ஒரு சட்டைக் கை வெளியே தொங்குகிறது. எல்லாம் அதே கட்டைகள்தான், சங்கத்தில் எல்லாரும் வைத்திருக்கிற அதே கட்டைகள்.

எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சூழ்ந்தார்கள். பிறகு கறிக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தக் கை நீட்டுறவர் இருக்காரே, இவரை எனக்குத் தெரியும்" என்றார் பெண்ணைக் கொடுத்த சம்பந்தி. "எனக்கும் தெரியும், உங்க வீட்டுலதான் இருக்காரு" என்றார் பிள்ளையைப் பெற்ற சம்பந்தி. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். வரிசை ஆரம்பித்தது. ஒருவர் முழங்காலைச் சொன்னார். ஒருவர் சட்டைக் கையைச் சொன்னார். பேப்பர் படிக்கிறவனைச் சொல்ல மூன்று பேர் போட்டி. முதல் தடவையாகப் பாராட்டு தீரவில்லை. கடைசி நாற்காலிக்கு வந்தபோதும் சொல்வதற்கு மேசை நிறைய மிச்சம் இருந்தது.

நம் பரிசோதகர் எழுந்தார். அவருக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இல்லை, எரிந்தது. தன் கோட்டை, தன் வருஷங்கள், மடியில் வைத்துத் தின்ற சோறு, எல்லாம் ஒரு பீரோவின் முன்னால் பொசுங்குகிற வாடை அவர் மூக்குக்கே வந்தது. மோசமானதைப் பாராட்டுவதில் என்ன கஷ்டம்? காசா பணமா? நல்லதைப் பாராட்டுகிறபோதுதான் கையிலிருந்து ஏதோ போகிறது. தாடையைத் தடவினார். தைரியம், மூச்சு, நேர்மை, ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த அறைக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் முறையாக மேசையில் இருப்பதை அவர் கண் பார்த்தது. அலுவலகத்தில் பார்க்கிற அதே கண்.

"ரெண்டாவது படியில கைப்பிடி ஒரு குமிழ் கீழே இறங்கியிருக்கு" என்றார்.

டயர் கடையில் கீழே யாரோ சக்கரத்துக்குக் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. தலைவர் கையிலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். "சார், நம்ம சட்டம் வந்து..." என்று இழுத்தார். "இருக்கிறதைச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் உட்கார்ந்தார். டாக்டர் குனிந்து பார்த்தார். "இறங்கியிருக்கா? ஆமா, இறங்கியிருக்கு" என்று அங்கேயே பிடுங்கி, ஒரு குமிழ் ஏற்றிச் செருகினார். படிக்கட்டு இன்னும் நன்றாக ஆகிவிட்டது. பரிசோதகருக்கு எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

டீ நேரத்தில் கறிக்கடைக்காரர் டாக்டரை ஓரமாக அழைத்துப்போய்ச் சமாதானம் சொன்னார். "மனசுல வச்சுக்காதீங்க டாக்டர். சார் தங்கமான மனுஷன். யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல. இன்னிக்கு என்னவோ தெரியல."

"நான் எதுக்குங்க வருத்தப்படணும்?" என்றார் டாக்டர். குரலை அடக்கிப் பேசத் தெரியாத பெண்மணி, அறை முழுக்கக் கேட்டது. "லைசென்ஸ் ஆபீஸ்ல இவர் என்னை ஃபெயில் பண்ணியிருக்காரு. ஞாபகம் இருக்காது, தினம் எத்தனை பேரு. கிளட்ச்சை சீக்கிரம் விடுறேன்னு சொன்னாரு. அவ்வளவு நாள் சொல்லிக் குடுத்தவருக்குக்கூட அது தெரியல. அதனால சொல்றேன், அங்க இவர் பார்த்துட்டுப் பேசுறாரு. இங்க பார்க்காமலே பேசுறாரு. வந்ததுலேர்ந்து கவனிச்சேன், என்னோடது ஒண்ணைத்தான் நிஜமா பார்த்தாரு. பார்க்கிற மாதிரி இருந்திருக்கு, பார்த்திருக்காரு. சந்தோஷம்தானே?"

கறிக்கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் எதுவும் அவருக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். டீயை முழுவதும் குடித்துவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "அப்ப என் தோட்டத்துல இருந்த தைரியம்?"

அவரவருக்கு அவரவருடைய மூச்சும் நேர்மையும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு மதியம், பரிசோதகர் சோதனை மைதானத்தில் நிழலில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தபோது, எதிரே கறிக்கடைக்காரர் நின்றார். கையில் ரோஜாத் தோட்டம். "சார், ஒரே ஒரு குறை சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். பரிசோதகர் திகைத்துப் போனார். நல்லாத்தான் இருக்கே என்றார். அதைக் கேட்டதும் அந்த மலை மாதிரி ஆளின் முகம் வாடிய வாட்டத்தைப் பார்க்க வேண்டுமே. பாவமாக இருந்தது. "சரி, பூவெல்லாம் கொஞ்சம் பெரிசு" என்றார். கறிக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் சங்கம் முழுவதற்கும் செய்தி போய்விட்டது, கறிக்கடைக்காரருக்கும் சார் குறை சொல்லிவிட்டார் என்று.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். தலைவர் தன் ஆகாய விமானத்தைப் பர்னிச்சர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். மறுப்பதற்கு மனசு வராத மனிதர், முன்பு பாராட்டை அள்ளிக் கொடுத்த மாதிரி இப்போது குறையை அள்ளிக் கொடுத்தார். இறக்கை கனம். ஜன்னல் குள்ளம். வால் வீண். பெண்ணைக் கொடுத்த சம்பந்தியின் ரயிலுக்கு இரண்டு குறை சொன்னார், அசதியில் மற்றவரின் நிலையத்துக்கு ஒன்றோடு நிறுத்திவிட்டார். அது பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. "பிள்ளை வீட்டுக்காரன்னா இளக்காரமா? எனக்கு ஒரு குறையோட நிறுத்திட்டாரே" என்று அவர் மருமகளிடமே முறையிட்டாராம். இந்தப் பெரியவர்களை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

வீட்டில் இதைச் சொல்லிப் பரிசோதகர் அலுத்துக்கொண்டார். மனைவி மடியில் தட்டோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படின்னா, நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா அது குப்பை. குறை சொன்னா அது உசத்தி. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் ஆயிருச்சு."

"கல்யாணமான நாளிலேர்ந்து என் சமையலை நீங்க குறை மட்டும்தான் சொல்லியிருக்கீங்க. நான் எவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கேனே" என்றாள். சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆனால் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய நிலையில் அவர் இல்லை. கோட்டை முடிந்துவிட்டது. கை தூக்குகிற மாதம் வந்துவிட்டது. நடு மேசை கிடைத்தால் போதும் என்று இருந்தவருக்கு இப்போது அது போதவில்லை. டாக்டர் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒரு குறை சொல்ல வேண்டும். வேறு யாருடைய சொல்லுக்கும் இனி மதிப்பில்லை, மற்றவர்களை அப்படிக் கெடுத்து வைத்தவர் அவரேதான். டாக்டர் வாயால் ஒரு குறை வந்துவிட்டால், தானும் கட்டத் தெரிந்தவன் என்று ஆகிவிடும். வராமல் போனால் இத்தனை வருஷமும் மேசையை அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இங்கேதான் அவர் செய்த காரியத்தைக் கேட்க வேண்டும். உலகத்தில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, டாக்டர் கண்ணில் படும்படி ஒரு குறை இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. எல்லாக் கோபுரமும் ஒரே உயரம், எல்லா ஜன்னலும் ஒரே வரிசை, எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல். எதற்கும் இருக்கட்டும் என்று, முன்பக்கக் கோபுரத்தில் ஒரு ஜன்னலைப் பிடுங்கி, ஒரு குமிழ் கீழே இறக்கிச் செருகினார். அலுவலகத்தில் பின்சக்கரத்தைப் பிடிக்கிற கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும். அதே மாதிரிக் கண் டாக்டருக்கும் உண்டு, பல்லில் ஊசிமுனைச் சொத்தையைப் பிடிக்கிற கண். தெரியாமல் போகாது என்று நிம்மதியாகத் துணியைப் போட்டு மூடினார்.

கோட்டையை மாடியேற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. கறிக்கடைக்காரர் முதுகைக் கொடுத்துத் தாங்கினார், தலைவர் ஓரமாக நின்று கையை நீட்டி வழி சொன்னார். ஏறி வருகிறபோது அங்கங்கே அடக்கிய சிரிப்புச் சத்தம் கேட்டது. பரிசோதகருக்கு அது எதற்கென்று புரிந்தது. புரியாத மாதிரி வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் கட்டியவர் என்பதால், கடைசி நாற்காலியை டாக்டருக்குக் கொடுத்தார்கள். துணி விலகியது. "ஆகா" என்றார்கள் எல்லாரும், வாயும் பிளந்தார்கள். அவர் இத்தனை வருஷம் மனசுக்குள் பார்த்து வைத்திருந்த அதே முகங்கள். ஆனால் அவர் அவர்களைப் பார்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. பெரிசு என்றார் ஒருவர். ரொம்பப் பெரிசு என்று அடுத்தவர் சொல்லப் போக, அது அதே வார்த்தைதான் என்று தலைவர் தடுத்தார். நீளம். அகலம். கட்டைகள் ஒரே நிறத்தில் இத்தனை கிடைத்தது அதிர்ஷ்டம். பிள்ளையைப் பெற்ற சம்பந்தி தலையைச் சொறிந்துவிட்டு, துணி நல்ல துணி என்றார். கறிக்கடைக்காரர் வெகு நேரம் யோசித்தார். அவர் வாயிலிருந்து வந்தது, "இதுல ஒரு பொறுப்பு இருக்கு சார்." கெட்ட எண்ணமே இல்லாமல், மனசாரத்தான் சொன்னார்.

டாக்டர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். இந்தப் பெண்மணி கேள்வியும் கேட்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. முன்பக்கக் கோபுரத்துக்கு வந்ததும் நின்றார். இறங்கியிருந்த அந்த ஜன்னலில் அவர் கண் நின்றது. பரிசோதகர் அதைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா ஒரு கண் எங்கே நிற்கிறது என்று? அதுதானே அவர் தொழில். டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து பரிசோதகரின் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தார்.

"ரொம்ப உழைச்சிருக்கீங்க சார்" என்றார்.

"அது இருக்கட்டும் டாக்டர். குறை ஏதாவது இருந்தா சொல்லுங்க. நான் மனசுல வச்சுக்க மாட்டேன்." குரல் கெஞ்சியது, தனக்கே அது கேட்டது. "எதுவா இருந்தாலும். ஜன்னல், கதவு, எதுவா இருந்தாலும்."

டாக்டர் அவர் தோளில் லேசாகத் தட்டிக் கொடுத்தார். நாற்காலியில் சாய்ந்து நடுங்குகிற நோயாளியை, வலிக்காது, வலிக்காது என்று தட்டுவாரே, அந்தத் தட்டு. "குறை சொல்ற மாதிரி எதுவும் இல்ல சார். நல்லா இருக்கு. தொடர்ந்து கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தலைவர் கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது, டாக்டர் கையும்தான். நடு மேசை கோட்டைக்கு என்று முடிவாயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள், கை குலுக்கினார்கள், கோட்டையை இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். கண்காட்சி வரை அங்கேயே இருக்கட்டும் என்று அது நேராக மண்டபத்துக்குப் போயிற்று.

அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்கில் வெளிச்சமே பார்க்காத பலகை, தேய்க்கத் தேய்க்க வேறு நிறமாக வந்தது. இரண்டு தட்டை எதிரெதிரே வைத்தாள். அவர் வந்து உட்கார்ந்தார். முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார்.

"நடு மேசை கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு குறைகூட சொல்லலம்மா. நல்லா இருக்குன்னுட்டாங்க."

சோறு போடப்போன கரண்டி அப்படியே நின்றது.

"அடப் பாவமே" என்றாள் மனைவி.